இருக்கிறதா, இருந்ததா?

அத்தியாயம் 14

அந்த அலுவலகத்தின் வரவேற்பறையில் நாற்காலிகள் தனித்தனியாக இல்லை. ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தியிருந்தார்கள். ஒருவர் காலை ஆட்டினால் வரிசை முழுக்க ஆடும். கடைசி நாற்காலிக்காரர் விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துறீங்களா? மொத்த வரிசையும் ஆடுது," என்றாள் நடுவில் உட்கார்ந்திருந்த வாலு.

"நான் ஆட்டலைங்க. அதுவா ஆடுது," என்றார் அவர், தன் முழங்காலையே யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தபடி.

வாலு என்பது அவள் பெயரில்லை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். மருத்துவக் கோடிங் பரீட்சையில் தேறினால் பெயருக்குப் பின்னால் மூன்றெழுத்துப் பட்டம் போட்டுக்கொள்ளலாம். அனுபவம் இல்லாதவர்களுக்கு மட்டும் அந்த மூன்றெழுத்தோடு ஒரு சிறு கோடும் ஓர் 'ஏ'யும் ஒட்டிக்கொண்டு வரும். இவர் இன்னும் கற்றுக்குட்டி என்று அர்த்தம். வேலை பார்க்கப் பார்க்க அந்த 'ஏ' உதிர்ந்துவிடும். ஆனால் 'ஏ' ஒட்டியிருப்பவர்களுக்கு வேலை கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. சான்றிதழ் வந்த அன்று அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பின்னாடி வால் முளைச்சிருக்கு?" என்றாள். அன்றிலிருந்து இவள் வாலு.

வாலோடு அவள் ஏறாத படி இல்லை. "ஃப்ரெஷரா?" என்ற ஒரே கேள்வியோடு எத்தனையோ போன்கள் முடிந்துபோயின. அதையும் தாண்டி யாராவது உட்கார வைத்துப் பேசினால், படிப்பு முடித்ததற்கும் பரீட்சை எழுதியதற்கும் நடுவே கிடந்த மூன்று வருடப் பள்ளத்தில் போய் விழுந்தது பேச்சு. "அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?" "வீட்ல இருந்தேன்." அத்தோடு சரி.

அந்த மூன்று வருடமும் அவள் அம்மாவோடு இருந்தாள். அறுவை சிகிச்சை, அதன் பின் கதிர்வீச்சு, ஒவ்வொன்றுக்கும் காத்திருந்த தாழ்வாரங்கள். அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் வாயால் சொன்னதில்லை. 'அது' என்பார்கள். டாக்டர் கடைசியாக ஸ்கேனைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று தலையசைத்ததும், "அது முடிஞ்ச கதை," என்று அம்மா பேச்சை மூடினாள். அதற்குப்பின் யாரும் திறக்கவில்லை.

போன வாரம் இந்தக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். அனுபவம் கேட்கவில்லை. சார்ட் கொடுப்போம், போட்டுக் காட்டுங்கள் என்றார்கள். காலியிடம் ஒன்றே ஒன்று.

உள்ளே கூப்பிட்டார்கள்.

கோடிங் என்றால் என்ன என்று அம்மாவுக்கு வாலு ஒருமுறை சொன்ன விளக்கம் சுலபமானது. ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை. டாக்டர் பார்க்கிறார், எழுதுகிறார். அந்தக் குறிப்புதான் சார்ட். அதைப் படித்து, அதிலுள்ள ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு வைத்தியத்துக்கும் புத்தகத்தில் உள்ள சரியான எண்ணைத் தேடிப் பொருத்துவது கோடரின் வேலை. பணம் கொடுக்கும் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது டாக்டரின் கதையை இல்லை, எண்ணைத்தான். எண் சரியாக இருந்தால் வைத்தியத்துக்குப் பணம் வரும். தப்பாக இருந்தால் திரும்பி வரும்.

"அப்ப நீ ஒரு பாஷைய இன்னொண்ணா மாத்துற துபாஷி வேலை பாக்கப் போற," என்றாள் அம்மா. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் டாக்டர்கள் எழுதும் மொழியில் சில வழுக்குப் பாறைகள் உண்டு. 'ஹிஸ்டரி ஆஃப்' என்பது அவற்றில் பெரியது. முன்பு இருந்து, சரியாகி, விட்டுப்போன நோயை அப்படி எழுத வேண்டும். டாக்டர்களோ அவசரத்தில் இன்றும் இருக்கிற நோய்க்கும் அதையே எழுதிவிடுவார்கள். சர்க்கரை 'ஹிஸ்டரி' என்று மேலே எழுதியிருக்கும். கீழே மருந்துப் பட்டியலில் சர்க்கரை மாத்திரை தினம் இரண்டு வேளை என்று இருக்கும். கற்றுக்குட்டி மேலே பார்த்துப் போட்டுவிடுவான். விவரம் தெரிந்தவன் கீழேயும் பார்ப்பான்.

வாலுவுக்குக் கொடுத்த இரண்டாவது சார்ட்டில் சரியாக அந்தப் பாறை இருந்தது. அவள் கீழே பார்த்தாள். சர்க்கரை நடப்பில் இருக்கிறது என்று போட்டாள். உள்ளுக்குள் ஒரு சின்னக் குதூகலம். அடுத்தது உடைந்த மணிக்கட்டு. எந்தக் கை, முதல் தடவை வந்ததா கட்டுப் பிரிக்க வந்ததா என்பதெல்லாம் எண்ணின் கடைசி எழுத்துகளில் ஒளிந்திருக்கும். அதையும் பிடித்துவிட்டாள். விரல்கள் சூடு பிடித்து ஓடின. கடைசி சார்ட்டை முடித்தபோது பக்கத்து மேசையில் கால் ஆட்டும் அண்ணன் இன்னும் பாதியில் இருந்தார், மேசையும் ஆடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் முடித்து, போட்டதையெல்லாம் சரிபார்த்த பிறகு ஆடிட்டர் வாலுவைக் கூப்பிட்டாள். கணக்கு பார்க்கும் ஆடிட்டர் இல்லை; கோடர்கள் போட்ட எண்களைப் பார்க்கும் ஆடிட்டர். வாலுவைவிட வயதில் சின்னப் பெண். கீபோர்டுக்குப் பக்கத்தில் பிரித்த பிஸ்கட் பாக்கெட்.

"உட்காருங்க. பிஸ்கட் எடுத்துக்கோங்க. நீங்க எடுக்கலைன்னா நானே முழுசையும் தின்னுருவேன்."

வாலு ஒன்று எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சர்க்கரையைப் பிடிச்சுட்டீங்க. அதுல நிறையப் பேர் வழுக்கிருவாங்க. மணிக்கட்டு சூப்பர். எங்க வேலை பாத்தீங்க?"

"எங்கயும் பாக்கலைங்க. வால் இருக்கு."

"என்னது?"

"'ஏ'ங்க. பேருக்குப் பின்னாடி."

ஆடிட்டர் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே திரையைக் கீழே உருட்டினாள். சிரிப்பு நின்றது.

"கடைசி சார்ட்ல இந்த வரியைப் படிங்க. சத்தமா."

வாலு படித்தாள். "மார்பில் புற்றுநோய், அறுவை செய்யப்பட்டது. கதிர்வீச்சு முடிந்தது. ஹார்மோன் தடுப்பு மாத்திரை, சிகிச்சையின் பகுதியாக. ஐந்தாண்டில் மூன்றாம் ஆண்டு. தொடர்கிறார்."

"என்ன போட்டிருக்கீங்க?"

"இசட்."

இந்த இடத்தில் வாசகர் இரண்டே எழுத்தைத் தெரிந்துகொண்டால் போதும். புற்றுநோய்க்கான எண்கள் 'சி'யில் தொடங்கும். அது வந்து, சிகிச்சையெல்லாம் முடிந்து, போயே போய்விட்டது என்றால் 'இசட்'டில் தொடங்கும். சி என்றால் இருக்கிறது. இசட் என்றால் இருந்தது. கத்தியால் எடுத்தாகிவிட்டாலும், அதற்கான சிகிச்சை நடக்கும்வரை சிதான். 'தொடர்கிறார்' என்ற ஒரு சொல் போதும்.

"சர்க்கரைக்கு மாத்திரைப் பட்டியலைப் பாத்துப் போட்டீங்க. இதுக்கு மட்டும் பட்டியல் கண்ணுக்குத் தெரியலையா?" ஆடிட்டரின் குரலில் கோபமில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "இவ்வளவு பெரிசா எழுதியிருக்கே. கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். பரீட்சைப் பதற்றம் என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் வாலு அந்த வரியை இரண்டு தடவை படித்திருந்தாள். படித்துவிட்டும் விரல் தானாக இசட்டுக்குப் போயிருந்தது. ஏன் போனது என்று இப்போது, பிஸ்கட்டைப் பிடித்த கையைப் பார்த்தபடி, அவளுக்குத் தெரிந்தது.

"கவனிச்சேங்க," என்றாள். "எங்கம்மாவுக்கும் இதேதான். இதே மாத்திரை. வீட்ல இதை முடிஞ்ச கதைன்னுதான் சொல்வோம். அந்தப் பழக்கத்துல கை போயிருச்சு."

ஆடிட்டர் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இந்த இடம் எந்த டீமுக்குன்னு சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"கேன்சர் ஆஸ்பத்திரி சார்ட்டு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அதேதான் வரும். உங்கம்மாவைத் திரும்பத் திரும்பப் பாப்பீங்க. ஒவ்வொரு தடவையும் முடிஞ்ச கதைன்னு போட்டீங்கன்னா என்ன ஆகும்? நோய்தான் இல்லியே, மாத்திரைக்கு எதுக்குப் பணம்னு திருப்பி அனுப்புவாங்க. அங்க ஒரு அம்மா மாத்திரை இல்லாம கவுண்டர்ல நிப்பாங்க."

வாலு கையிலிருந்த பிஸ்கட்டை மேசையில் வைத்தாள்.

"ரெண்டு பேர் மிச்சம். நீங்களும் அந்தக் கால் ஆட்டுறவரும். அவர் இதைச் சரியாப் போட்டாரு, மத்ததுல சொதப்பிட்டாரு. மத்ததைச் சொல்லிக் கொடுத்துரலாம். உங்களுக்கு வந்திருக்கிறது சொல்லிக் கொடுத்தாப் போற தப்பு இல்ல." ஆடிட்டர் பாக்கெட்டின் வாயை மடித்தாள். "இப்பக் கேட்டா எனக்குப் புடிச்ச பதிலச் சொல்லுவீங்க. போயிட்டு, அஞ்சு மணிக்கு போன் பண்ணுங்க. அந்த வரிக்கு என்ன போடுவீங்க, தினமும் போட முடியுமான்னு சொல்லுங்க. முடியாதுன்னா அதையும் சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அக்கா வேலை பார்க்கும் மருந்துக் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே. கல்யாணமாகி வேறு வீட்டில் இருக்கிறாள் என்றாலும் அம்மாவின் மாத்திரைகளை மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான். கவுண்டரில் கூட்டம். அக்கா ஒரு கையால் சீட்டை வாங்கிக்கொண்டே மறு கையால் இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்தாள்.

"வாடி வாலு. உதிர்ந்துச்சா, இல்லையா?"

"அஞ்சு மணிக்குத் தெரியும். அக்கா, அம்மாவோட மாத்திரை மொத்தம் அஞ்சு வருஷம்தானே?"

"அதுக்கென்ன இப்ப?" அக்கா ஒரு பெரியவரிடம், "சாப்பாட்டுக்கு முன்னாடி, மாமா, முன்னாடி," என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

"இல்ல, பரீட்சையில வந்துச்சு. தப்பாப் போட்டுட்டேன். மாத்திரை ஓடிட்டிருக்கிற வரைக்கும் அது முடிஞ்ச கதை இல்லியாம். இருக்குன்னுதான் போடணுமாம்."

அக்காவின் கை இழுப்பறையில் நின்றது.

"போடாட்டி?"

"அந்த நம்பரையா?"

"மாத்திரையை."

வாலுவுக்கு ஒரு கணம் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் கவுண்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா அவளைக் கடையின் ஓரத்துக்கு, அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடத்துக்கு இழுத்துப்போனாள். "கத்தாதே. ஓனர் உள்ள இருக்காரு. அந்த மாத்திரையோட குணம் அது, மூட்டு மூட்டா வலிக்கும். எல்லாருக்கும் இல்ல, சிலருக்கு. அம்மாவுக்கு விரல்ல புடிச்சிருச்சு. ஊசியில நூல் கோக்க முடியல. கத்தரியைப் புடிக்க முடியல. ஸ்கூல் திறக்கப் போவுது, ஜவுளிக் கடைக்காரன் சீருடைத் துணியைத் தைக்கக் கொண்டாந்து கொட்டியிருக்கான். 'ரெண்டு மாசம் நிறுத்தி வெக்கிறேன். சின்னவளுக்கு வேலை கிடைச்சிட்டா நான் மிஷினை விட்டுட்டுத் திரும்பப் போட்டுக்கறேன். அதுவரைக்கும் அவகிட்ட மூச்சு விடாதே, வேலை தேடுறதை விட்டுருவா'னாங்க. ரெண்டு மாசமா நான் கொண்டு போகலை."

"நீ மருந்துக் கடையில வேலை பாக்கிறவக்கா!"

"நீ கூடத்தான் அதே வீட்ல இருக்கே. நீ பாத்தியா?"

அம்மாவின் விரல்கள் கொஞ்ச நாளாக நன்றாக ஓடுவதைப் பார்த்து வாலு சந்தோஷப்பட்டிருந்தாள். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தாள்.

"டாக்டரைக் கேட்டா வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருப்பாரு," என்றாள் மெல்ல.

"சொன்னேன்டி. டாக்டர்கிட்டப் போனா சின்னவளும் கூட வருவாளேன்னாங்க."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் வாலுவின் தலைக்குள் புத்தகத்தின் பக்கங்கள் தாமாகப் புரண்டன. நோயாளி டாக்டர் சொன்ன மருந்தைத் தானாகவே நிறுத்திக்கொண்டால் அதற்கும் எண் இருக்கிறது. புத்தகம் அத்தோடு விடாது. ஏன் என்றும் கேட்கும். வசதி இல்லாமலா? அதற்கு ஓர் எண். வேறு காரணமா? அதற்கு வேறு. வேண்டுமென்று இல்லாமல் தவறிப்போயிருந்தால் இன்னொன்று. உலகத்தில் மனிதர்களுக்கு வரக்கூடிய அத்தனை கஷ்டத்தையும் யாரோ உட்கார்ந்து பிரித்துப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள் என்று படிக்கும்போது அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும். இன்று அவள் அந்த அடுக்கில் தேடியது சின்ன மகளுக்கு வேலை கிடைக்கும் வரை என்ற காரணத்தை. அது 'வேறு காரணம்' என்பதற்குள்தான் போய் விழும். அங்கே இன்னும் என்னென்ன விழுந்து கிடக்கிறதோ.

கதவைத் திறந்ததும் மிஷின் சத்தம். ஒரே அறைதான், பாதியை வெட்டிய நீலத் துணிகள் அடைத்திருந்தன. அம்மா காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஆள் வந்தது தெரிந்ததும் திரும்பாமலே கேட்டாள்.

"என்ன சொன்னான்?"

"சொன்னான் இல்லம்மா, சொன்னா. பொம்பளை. என்னைவிடச் சின்னவ. அஞ்சு மணிக்கு நான் போன் பண்ணணும்."

"அவங்க கூப்பிட மாட்டாங்களாமா? நல்ல கம்பெனிதான். கால் காசு செலவில்லாம ஆள் எடுக்கப் பாக்குது." அம்மா தைத்த காலரை நிமிர்த்திப் பார்த்தாள். "சாப்பிட்டியா? மூஞ்சியே சரியில்ல. பரீட்சையில கோட்டை விட்டுட்டியா?"

"ஒண்ணே ஒண்ணு தப்பு."

"ஒண்ணுதானே. அதுக்கா இப்படி?"

வாலு தரையில் உட்கார்ந்து துணிகளை அளவு வாரியாகப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள். கேட்க வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. அம்மா நூல் கோத்தாள். ஒரே முயற்சியில் கோத்துவிட்டாள். விரல்கள் வளைந்து நிமிர்ந்தன, எந்தத் தடையும் இல்லாமல். அந்த லாவகத்தைப் பார்க்க முடியாமல் வாலு கையிலிருந்த துணியை மீண்டும் ஒருமுறை மடித்தாள்.

கேட்டுவிட்டு போன் பண்ணினால் குரல் உடைந்துவிடும். வேலை போய்விடும். போன் பண்ணிவிட்டுக் கேட்கலாம் என்றால், சொல்லப்போகும் பதிலை அம்மா கேட்டுவிடுவாள். வெளியே போய்ப் பேசலாம். எழுந்து கதவுவரை போகவும் செய்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் குழாய் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். இரும்பில் இரும்பு மோதும் சத்தம். கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்று எண்ணை அழுத்தினாள்.

மிஷின் சத்தத்தை நம்பினாள். ஆனால் மகள் போனைக் காதில் வைத்ததைப் பார்த்ததும், அவளுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதே என்று, அம்மா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

அறை அமைதியாயிற்று.

"சொல்லுங்க," என்றாள் ஆடிட்டர். அந்தப் பக்கம் பலபேர் பேசும் இரைச்சல். "என்ன போடுவீங்க?"

"சி."

"சரியாக் கேக்கலை. கொஞ்சம் சத்தமா."

வாலு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "சி போடுவேங்க. இருந்தது இல்ல, இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சாலும் கேன்சருக்கு மாத்திரை ஓடிட்டிருக்கிற வரைக்கும் இருக்குன்னுதான் போடணும்."

அந்த வீட்டுச் சுவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தினமும்?"

"தினமும் போடுவேன்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "திங்கக்கிழமை காலைல வந்துருங்க. போட்டோ ஒண்ணு எடுத்துட்டு வாங்க, அடையாள அட்டைக்கு," என்றாள். "அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க."

போன் அணைந்த பிறகும் வாலு சுவரைப் பார்த்தே நின்றாள். இத்தனை நாள் இந்த நிமிடத்தை எத்தனை விதமாக நினைத்துப் பார்த்திருப்பாள். எதிலும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

"கிடைச்சிருச்சா?" அம்மாவின் குரல்.

"கிடைச்சிருச்சும்மா."

"என் கண்ணே." அம்மா எழுந்து வருவாள் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. "யாருக்குடி இருக்கு?"

சார்ட்டில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. வாலு திரும்பினாள்.

"உனக்கும்தாம்மா."

அம்மா மடியில் கிடந்த காலரைத் தடவிக்கொண்டிருந்தாள். "அக்காவைப் பாத்தியா?"

"பாத்தேன். சொல்லிட்டா." வாலு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். நினைத்ததற்கு மாறாகக் குரல் உடையவில்லை. அவசர அவசரமாக வந்தது. "பரவால்லம்மா. ரெண்டு மாசம்தானே. நாளைக்கே டாக்டர்கிட்டப் போவோம். வலிக்குதுன்னு சொன்னா வேற மாத்திரை குடுப்பாரு, மருந்துல எத்தனையோ வழி இருக்கு. இந்தத் துணியையெல்லாம் திருப்பிக் குடுத்துரலாம். எனக்குத்தான் வேலை கிடைச்சிருச்சே. ரெண்டு மாசத்துல ஒண்ணும் ஆயிருக்காது. ஆயிருக்காதும்மா."

அம்மா மகளின் தலையில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அக்காகிட்டச் சொன்னதுதான்டி ரெண்டு மாசம். நிறுத்தினது அதுக்கும் ரொம்ப முன்னாடி," என்றாள்.